மிதிவண்டியில் கண்ட புதுவை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

யாம் பட்டம் பெற்ற புலவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இருப்புப்பாதைத் துறையில் எழுத்தராகப் பணிபுரிபவர். பிறர் செல்லும் ஊர்களுக்குச் சீட்டுப் பதிந்து கொடுப்பதே எம் அன்றாடத் தொழில். அவ்வூர்களுள் ஒன்றையேனும் விடுப்பெடுத்துச் சென்று காண வேண்டுமென்று நெடுநாள் எண்ணியிருந்தோம். அண்மையில் யாமும் எம் துணைவியாரும் விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி சென்று, மூன்று நாள் தங்கி, இரண்டு வாடகை மிதிவண்டிகளில் ஊரைச் சுற்றி வந்தோம். ஆகவே இவ்வுரையில் ‘யாம்’ என்று வருமிடமெல்லாம் அவரையும் சேர்த்தே கொள்க.

மிதிவண்டி எதற்கு என்று நண்பர் சிலர் வினவினர். நடந்து சென்றால் வெயிலில் கால் சோர்ந்துவிடும். மோட்டாரில் சென்றாலோ, வீட்டு வாயிலில் உள்ள பெயரைப் படிப்பதற்குள் வீதியே முடிந்துவிடும். மிதிவண்டியில் செல்வோர் விரும்பிய இடத்தில் ஒரு காலை ஊன்றி நிற்கலாம். பிரெஞ்சு நாட்டில் ‘வெலோசியோ’ என்னும் புனைபெயர் பூண்ட பால் தெ விவி (1853–1930) என்பார் மிதிவண்டிப் பயணத்தை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். வீம்புக்காக மிதித்தல் ஆகாது என்பது அவர் கூறிய அறிவுரைகளுள் ஒன்று. எம் வயதினர்க்கு அது மிகவும் பொருந்தும்.

எம் துணைவியார் புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்தவர். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் பரவியபோது, எழுத்தறிவோடு மிதிவண்டியும் கற்பிக்கப்பெற்றது. ஆயிரக்கணக்கான மகளிர், கல் உடைப்போரும் வயலில் உழைப்போரும் உட்பட, அக்காலத்தில் மிதிவண்டி பழகினர். அவர்தம் அன்னையாரும் அவர்களுள் ஒருவர். அப்பெண்டிர்க்கு மிதிவண்டி வேடிக்கைப் பொருளாக இருக்கவில்லை. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, எவரையும் எதிர்பாராமல் செல்ல உதவிய கருவி அது. புதுவை வீதிகளில் அவர் எமக்கு முன்னே சென்றார். யாம் பின்னே சென்றோம். இதைச் சொல்ல எமக்கு நாணமில்லை.

இனி ஊரைப் பற்றிக் கூறுவோம். பிரெஞ்சுக்காரர் 1674-இல் அங்குக் குடியேறினர். 1693-இல் ஒல்லாந்தர் அவ்வூரைக் கைப்பற்றினர். 1699-இல் திருப்பிக் கொடுத்தனர். அந்த ஆறு ஆண்டுகளில் ஒல்லாந்தர் வகுத்த நேர்கோட்டு வீதி அமைப்பே இன்றளவும் ஊருக்கு அடிப்படை. பிரெஞ்சு நகரம் என்று நாம் வியந்து பார்க்கும் ஊரின் வரைபடம் ஒல்லாந்தர் கொடுத்த கொடை! 1761-இல் ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். உடன்படிக்கைக்குப் பின் பிரெஞ்சுக்காரர் மீண்டும் வந்து, பழைய அடித்தளத்தின் மீதே கட்டினர். அந்த நேரான வீதிகளைச் சுற்றி முட்டை வடிவில் அகன்ற சாலைகள் வளைந்து செல்கின்றன. மேடு பள்ளமில்லாத சமநிலம்; மிதிவண்டிக்கென்றே அமைத்தாற்போன்ற ஊர்.

கடலோரப் பகுதியை முதல் நாள் கண்டோம். மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண், உயர்ந்த மதில், மதிலுக்கு மேலே காகிதப் பூக்கொடி. துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி, ரோமேன் ரோலண்டு வீதி என்ற பெயர்கள் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதப்பெற்றுள்ளன. 1836-இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்க்கு எடுத்த நினைவுத்தூண், செஞ்சியிலிருந்து கொணர்ந்த கற்றூண்கள் சூழ நிற்கும் காந்தியடிகள் சிலை ஆகியவை கடற்கரைச் சாலையில் உள்ளன. மாலை வந்ததும் அச்சாலையில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. முதியோர் அச்சமின்றி நடக்கின்றனர், குழந்தைகள் ஓடுகின்றன. ஓசூர்ச் சாலையைக் கடப்பதற்கே குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளும் நமக்கு அது பெருவியப்பன்றோ?

கடலுக்கு இணையாக ஊரின் நடுவே பெரிய வாய்க்கால் ஒன்று செல்கிறது. அதன் கிழக்கே வெள்ளையர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. வருவோருள் பலர் கிழக்கே படம் எடுத்துக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டாமலே திரும்பிவிடுகின்றனர். எம் கருத்தில் புதுவையின் பாதிச் செல்வம் வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. அங்கே வீடுகளின் முகப்பில் தாழ்வாரம் வீதியை நோக்கி நீண்டிருக்கும். மரத்தூண் தாங்கும் அதன் ஓட்டு நிழல், வழிப்போக்கர்க்கும் உரியது. அதனை அடுத்துத் திண்ணை. அதன் பின் செதுக்கிய கதவு. உள்ளே வானம் தெரியும் முற்றம். வைசியாள் வீதியில் இத்தகைய வீடுகளை வரிசையாகச் சீரமைத்தமைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பரிசு கிடைத்தது. மதில் எழுப்பித் தன்னை மறைத்துக்கொள்ளும் வீடு ஒருபுறம். அயலாருக்குத் திண்ணை போட்டு வைத்த வீடு மறுபுறம். இரண்டையும் ஒரே நாளில் கண்டவர்க்கு நம் முன்னோரின் பண்பு தானே விளங்கும்.

அரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை உள்ளது. ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாசியான அவர், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வந்தார். ஆட்சியாளரின் ஏடுகள் ஒருபுறம் இருக்க, கப்பல் வந்த செய்தி, சரக்கின் விலை, பெரிய மனிதரின் வழக்கு என அன்றைய ஊரை நமக்குக் காட்டியவர் கணக்கும் எழுத்தும் அறிந்த ஒரு தமிழரே. எழுத்தர் தொழில் புரியும் எமக்கு அம்மாளிகையின் முன் நின்றபோது பெருமிதம் உண்டாயிற்று.

1908 முதல் பத்தாண்டுகள் பாரதியார் வாழ்ந்த ஊர் அது. ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த இல்லமும், பெருமாள் கோயில் வீதியில் பாவேந்தர் பாரதிதாசனின் இல்லமும் இன்று நினைவகங்கள். அக்காலத்தில் புதுவையில் ‘புஷ் வண்டி’ என்ற ஒன்று ஓடியது. மேலே ஒருவர் அமர்ந்திருக்க, பின்னின்று மற்றொருவர் தள்ளிக்கொண்டு ஓடுவார். மிதிவண்டியிலோ அமர்பவரே உழைப்பவர், உழைப்பவரே அமர்பவர். இதனினும் நேர்மையான ஊர்தி வேறு உண்டோ?

மூன்றாம் நாள் இருப்புப்பாதை நிலையத்திற்கு அண்மையிலுள்ள திரு இருதய ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகளைக் கண்டபின், கடலூர்ச் சாலையில் ஆலைகள் இருந்த பக்கம் சென்றோம். வழிகாட்டி நூல்கள் அங்கே எவரையும் அழைத்துச் செல்வதில்லை. ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 1898-இல் தொடங்கியது. இன்று அங்கே தறியோசை இல்லை. ஆயினும் புதுவை ஆலைத் தொழிலாளரின் வரலாறு நாம் மறக்கத்தக்கதன்று. 1936-இல் பிரெஞ்சு நாட்டில் தொழிலாளர்க்கு வாரம் நாற்பது மணி வேலையும், ஆண்டுக்கு இரு வாரம் ஊதியத்துடன் விடுப்பும் சட்டமாயின. அக்கோடையில் எத்தனையோ தொழிலாளர் இணையர் மிதிவண்டிகளிலும், இருவர் மிதிக்கும் நீள்வண்டிகளிலும் ஏறித் தம் நாட்டையே முதன்முறையாகக் காணப் புறப்பட்டனர். அதே ஆண்டு சூலை 30-ஆம் நாள், அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த புதுவையில், வேலை நேரமும் கூலியும் பற்றி முறையிட்ட சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிருவர் மாண்டனர். அதன்பின் 1937-இல் எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமாயிற்று. அங்கே விடுப்பு; இங்கே குண்டு! அந்த இடத்தில் யாம் வண்டிகளை நிறுத்திச் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். எம் மூன்று நாள் விடுப்பும் எவரோ விலை கொடுத்து வாங்கித் தந்தது என்பது அப்போதுதான் எமக்குப் புலனாயிற்று.

அன்பர்களே! இதனை ஈண்டு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் சகோதரிகள் எத்தனை பேர்! பத்தாண்டு இங்கு வாழ்ந்தும், அறைக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட வழியன்றி வேறு அறியாதார் பலர். மிகுதி நேர வேலை, ஊருக்கு அனுப்பும் பணம், சீட்டுத் தவணை இவற்றின் நடுவே ஞாயிற்றுக்கிழமையும் துணி துவைப்பதிலேயே கழிகிறது. ஊர் பார்ப்பது செல்வர்க்கு உரியது என்று நாமே தீர்மானித்துவிட்டோம். அது சரியன்று. ஓய்வு என்பது பிறர் இரக்கப்பட்டு இடும் பிச்சையாகாது. உழைப்பவர் ஈட்டிய பொருள். ஈட்டியதை நுகராமல் விடுவது, சம்பளத்தை வாங்காமல் விடுவதற்கு ஒப்பாகும்.

மற்றொன்றும் கூற வேண்டும். புதுவைக் கடற்கரையிலிருந்த பழைய நகர்மன்றக் கட்டடம், ‘மேரி’ என வழங்கியது, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து வீழ்ந்தது. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி 2021-இல் திறந்தனர். கட்டடம் வந்துவிட்டது, பழைய சுவர் வரவில்லை. இருக்கும்போதே சென்று காண்பவர் மிகுந்தால்தான், காப்பவரும் மிகுவர்.

புதுவை தொலைவு என்பீராயின், அண்மையிலிருந்தே தொடங்கலாம். நமக்கு அருகில் பேகூர் நாகேசுவரர் கோயிலில், ஏறத்தாழ கி.பி. 900-ஐச் சார்ந்த வீரக்கல் ஒன்றில் ‘பெங்களூர்’ என்னும் பெயர் கன்னடத்தில் பொறிக்கப்பெற்றுள்ளது. மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. கன்னடமும் தமிழும் இம்மண்ணில் அண்டை வீட்டாராய் வாழ்ந்தமைக்கு இவற்றினும் சான்று வேண்டுமோ? இரண்டும் மிதிவண்டிக்கு எட்டும் தொலைவே. போக்குவரத்துக் குறைந்த ஞாயிறு விடியலில் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். சங்கத்தின் சார்பில் நான்கு மிதிவண்டிகள் வாங்கி வைப்போமாக. அவற்றுள் இரண்டேனும் மகளிர் ஏறுதற்குரியனவாக இருத்தல் வேண்டும். பழக விரும்பும் சகோதரிகட்குக் கற்பிக்க எம் துணைவியார் இசைந்துள்ளார். திங்கள் ஒருமுறை ஒரு குழு சென்று, கண்டதை அடுத்த கூட்டத்தில் கூறட்டும். முதற் பங்காக யாம் ஒரு வண்டியின் விலையைத் தருகின்றோம்.