கொடாததைக் கொள்ளாமை

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து நகர்ந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது, அரூரில் 33. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம் சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் இழுத்துச் சென்றது. காரிமங்கலத்தார்க்கு இவை தொலைவூர்ச் செய்திகள் அல்ல.

அத்துணை மழையை எந்த வடிகாலும் தாங்காது, மெய்தான். எனினும் ஆண்டுதோறும் பெய்யும் மழைக்கே ஊர்த்தெருக்களில் நீர் தேங்குவதேன்? பேரூராட்சி தூர்வாரினும், கடைப்படியும் கற்பலகையும் மூடிய இடத்தில் மண்வெட்டி நுழைவதில்லை, அடைப்பும் அங்கேதான். கள்ளாமை என்பதைக் கொடாததைக் கொள்ளாமை என்றே சமணம் விரித்துரைக்கும். எவரும் கொடாத வாய்க்காலின் இரண்டடியும் அதனுள் அடங்கும். உண்டியல் காணிக்கை அதற்கு ஈடாகாது. சாதுர்மாசத்தில் சிற்றுயிர் நசுங்குமென அஞ்சித் துறவியர் பயணத்தையே நிறுத்துகின்றனர். இல்லறத்தார் படியைப் பின்னிழுத்தால் போதும். அடுத்த தூர்வாரலுக்கு முன் இழுத்தால் நன்று.