கைப்போனில் வரும் கள்ளச் செய்தி

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் எமது நலன்புரி ஊழியர்கள் ஆற்றிய உரை)

மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு, களைத்துப்போய் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

எமக்குத் தெரிந்த ஒரு தாய், முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். 50 வயதில் வேலையை விட்டதும் சேமலாப நிதிக் காசு வங்கிக்கு வந்தது. கூரைத் தகரம் மாற்றவும், மகளின் கலியாணத்துக்கும் என்று அதை வைத்திருந்தார். ஒருநாள் போனில் ஒரு மெசேஜ் வந்தது. "உங்கள் பார்சல் தபாலில் நிற்கிறது, சிறு கட்டணம் கட்டுங்கள்" என்றிருந்தது. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தீபாவளிக்கு ஏதோ அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துவிட்டார். பக்கத்துக் காம்பராப் பையன் லிங்கை அழுத்தி, வங்கி அட்டையின் இலக்கத்தைப் போட்டான். பிறகு போனுக்கு வந்த ஆறு இலக்கத்தையும் போட்டான். பாவம், அவன் உதவிதான் செய்தான். அன்றிரவே காசில் பெரும்பகுதி போய்விட்டது.

அதைவிடத் துக்கம் என்ன தெரியுமா? அந்தத் தாய் மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. "படிக்காதவ ஏமாந்துட்டான்னு லயமே சிரிக்குமே" என்று பயந்தார். அந்த மூன்று நாளும் கள்ளனுக்குத்தான் லாபம். மிச்சமிருந்த காசும் போனது.

ஏமாந்தது வெட்கமா? இல்லவே இல்லை. தேயிலைத் தூருக்கு அடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தானே நம்ம பாட்டன் பூட்டனை இந்த மலைக்குக் கூட்டி வந்தார்கள் என்று நம் கிழவர்கள் சொல்வார்கள்? அன்று ஆள் வந்து சொன்னான், இன்று போன் சொல்கிறது. படித்தவர்களும் உத்தியோகத்தர்களும் இதில் விழுகிறார்கள். தபால் திணைக்களமே தன் பெயரில் போலி மெசேஜ் போகிறது என்று அண்மைய வருஷங்களில் எச்சரித்திருக்கிறது.

சின்னத் தொகை கேட்பது ஏன்? அவனுக்கு அந்தச் சில்லறை தேவையில்லை, உங்கள் அட்டை இலக்கம்தான் தேவை. போனுக்கு வரும் ஆறு இலக்கம் உங்கள் பெட்டியின் திறப்பு. அதை வங்கிக்காரர்கூடக் கேட்கமாட்டார். கேட்பவன் எவனானாலும் கள்ளன்தான்.

"மெசேஜில் வங்கியின் பெயர்தானே போட்டிருந்தது?" என்பீர்கள். அந்தப் பெயரையும் போலியாகப் போட முடியும். வங்கியின் உண்மையான மெசேஜுக்குக் கீழேயே கள்ள மெசேஜும் வந்து உட்காரும். ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், என்ன கேட்கிறான் என்று பாருங்கள். "இன்றைக்கே செய்", "இல்லாவிட்டால் கணக்கை மூடுவோம்", "அஸ்வெசும காசு நின்றுவிடும்", "லொத்தரில் விழுந்திருக்கிறது" என்று அவசரப்படுத்தினால் போனைக் கீழே வையுங்கள். வாங்காத லொத்தர் எப்படி விழும்? அஸ்வெசும சந்தேகத்தைப் பிரதேச செயலகத்தில் நேரே போய்க் கேளுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. "தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை, நல்ல சம்பளம்" என்றும் மெசேஜ் வருகிறது. அப்படிப் போனவர்களில் பலர் எல்லை தாண்டி மியன்மாருக்குக் கொண்டுபோகப்பட்டு, அடித்து மிரட்டப்பட்டு, இதே கள்ள மெசேஜ்களை அனுப்பும் வேலையில் தள்ளப்பட்டார்கள். மியன்மாரில் மட்டும் குறைந்தது 120,000 பேர் இப்படி அகப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது. அங்கே மியாவடிப் பகுதியில் சிக்கிய இலங்கையர் சிலர் 2024இல் மீட்கப்பட்டார்கள். வெளிநாட்டு வேலை என்றால், காசோ பாஸ்போட்டோ கொடுக்கும் முன்னே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் பேசுங்கள்.

தப்பித் தவறி இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? அந்த நிமிஷமே வங்கிக்குப் பேசி அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். அட்டையின் பின்பக்கம் வங்கியின் இலக்கம் இருக்கிறது. இன்றே அதைச் சுவர்க் கலண்டரில் எழுதி வையுங்கள். கள்ள மெசேஜை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. அதைக் கொண்டுபோய்ப் பொலிசில் முறைப்பாடு கொடுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. இலங்கை சேர்ட் நிறுவனத்திடம் 101 என்ற இலக்கத்தில் ஆலோசனையும் கேட்கலாம்.

தாய்மார்களே, இங்கிலீஷ் மெசேஜ் வந்தால் பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுங்கள், அழுத்தக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளே, அம்மா ஏமாந்துவிட்டேன் என்று வந்து நின்றால் ஏசாதீர்கள். ஏசுகிற வீட்டில் அடுத்த தடவை சொல்லமாட்டார்கள்.

அந்தத் தாய் இன்று இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம், கதையை மட்டும் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டவர் அவர்தான். அவருக்கு எமது நன்றி.