வெள்ளம் வடிந்த பிறகு நமக்கு இரண்டு பெயர்

(மதுரையில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



மழை வெள்ளத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மழைக்குச் சாதி கிடையாது. மேட்டுத் தெருவுலயும் பெய்யுது, பள்ளத் தெருவுலயும் பெய்யுது. ஆனால் பெய்த தண்ணி எங்க போயி நிக்குது என்பதில் சாதி இருக்கிறது. யாரை மேட்டில் குடிவைத்தார்கள், யாரைக் கண்மாய்க்கரைக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் ஒதுக்கினார்கள் என்ற பழைய கணக்கை ஒவ்வொரு வெள்ளமும் வந்து திருப்பிக் காட்டுகிறது. குளத்தில் இறங்கித் தண்ணி குடிக்கக் கூடாது என்றதால்தான் 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகத் குளத்தில் இறங்க வேண்டியிருந்தது. குளத்துக்குள் நம்மை விடாத சமூகம், குளம் உடைஞ்சா மட்டும் அந்தத் தண்ணிய முதல்ல நம்ம வீட்டுக்குள்ள விடுது.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2024 அக்டோபர் 25. மதுரையில் அன்றைக்கு 9.8 செ.மீ. மழை. அதில் பிற்பகல் 3 மணியிலிருந்து 3.15க்குள் மட்டும் 4.5 செ.மீ. வடக்கே ஆனையூர், கோசாகுளம் பக்கத்துக் கண்மாய்களில் மிஞ்சுகிற தண்ணி செல்லூர்க் கண்மாய்க்கு வரும். அங்கிருந்து பந்தல்குடி கால்வாய் வழியாக வைகைக்குப் போக வேண்டும். போக வழியில்லை. செல்லூர், நரிமேடு, முல்லை நகர், கட்டபொம்மன் நகர்ப் பக்கம் மழைத்தண்ணியும் சாக்கடையும் கைகோத்துக்கிட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சது. அரிசி போச்சு, பாய் போச்சு, பிள்ளைகளோட புத்தகம் போச்சு.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அமைச்சர்கள் வந்தார்கள். மோட்டார் வைத்துத் தண்ணியை இறைத்தார்கள். செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்கு சிமெண்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய் அறிவித்தார்கள். செய்ததை நாம் மறைக்க வேண்டாம். மறைக்கிற வேலை வேறொரு நாள் நடந்தது. 2025 மே 31 அன்று முதலமைச்சர் மதுரைக்கு வந்தபோது அதே பந்தல்குடி கால்வாயைத் துணி கட்டி மறைத்தார்கள். நாற்றத்துக்கு யாராவது திரை போட முடியுமா? ஆளுகிற கட்சி இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. துணி கட்டச் சொல்லுகிற அதிகாரப் புத்தி மட்டும் மாறுவதில்லை.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். வெள்ளம் வடிந்த பிறகு இந்த அரசுக்கு நம்மளை இரண்டு பெயரில்தான் தெரிகிறது. ஒன்று, ஆக்கிரமிப்பாளர். இன்னொன்று, துப்புரவுப் பணியாளர். உரிமையுள்ள குடிமகன், குடிமகள் என்கிற மூன்றாவது பெயர் அவுக நோட்டில் இல்லை.

முதல் பெயரைப் பார்ப்போம். அந்த மழை பெய்து ஒரு மாதம் முடியுமுன் பீபிகுளம் முல்லை நகர் மக்களுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. நீர்நிலை ஆக்கிரமிப்பாம். சனங்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். சரி, நீர்நிலையைக் காப்பாற்ற வேண்டியதுதான். நாமும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு கேள்வி. பீபிகுளம் என்கிற பேரிலேயே குளம் இருக்கிறது; வருமான வரி அலுவலகம் அந்தப் பகுதியில்தான் நிற்கிறது. தல்லாகுளம் என்கிற பேரிலும் குளம் இருக்கிறது. மாநகராட்சித் தலைமை அலுவலகம் அங்கேதான். 2004இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாயில் கட்டியது. ஆக்கிரமிப்பை அகற்று என்று உத்தரவு வருகிற கட்டடமே கண்மாய்க்குள்ளதான் இருக்கு! அதை இடிக்கச் சொல்லவில்லை, தோழர்களே. கோர்ட்டும் ஆபீசும் கட்டினால் வளர்ச்சி, குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு என்கிற இரட்டை அகராதியைத்தான் கேட்கிறேன்.

இந்த அகராதி சென்னையிலும் செல்லுபடியாகும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி திறந்துவிட்டார்கள். அந்த வெள்ளம் மனிதர்களால் விளைந்த பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறையே பிறகு அறிக்கை கொடுத்தது. அதற்காக எந்த அதிகாரியின் வீடு இடிபட்டது? அடையாற்றங்கரையில், கூவக்கரையில் இருந்த ஏழை சனங்கள்தான் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அதுவும் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று இன்னொரு பள்ளத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வேலை செய்கிற வீடு, பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம், கடன் கொடுக்கிற கடை எல்லாம் அங்கிட்டுக் கிடக்க, சனம் மட்டும் இங்கிட்டு.

இனி இரண்டாவது பெயர். தண்ணி வடிஞ்சதும் தெருவில் கிடப்பது சேறும் மலமும் செத்த ஆடு மாடும். அதை அள்ள யாரைக் கூப்பிடுகிறார்கள்? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் மற்றவர் தொடத் தயங்கிய பிணங்களை எடுத்துப் புதைத்தது வெளியூர் நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். அதே கடற்கரையில் முகாம்களில் தலித் மக்களுக்குச் சேர்ந்து தங்க இடமில்லை, பொதுவில் வைத்த தண்ணியைத் தொட விடவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் எழுதிவைத்தன. பிணத்தைத் தொட நம்ம கை வேணும். தண்ணித் தொட்டியத் தொட அதே கை ஆகாது.

மதுரையில் மழை வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் செத்தார்கள். பாதுகாப்பில்லாமல் சாக்கடைக் குழியில் ஆளை இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்படிச் சாகிற உயிருக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. செத்த பிறகு விலை கூடுது. சாகாமல் காக்கிற மெஷின் மட்டும் வரமாட்டேங்குது.

நிவாரணக் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லணும். ஒரு மழைக்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். தெருமுனையில் வண்டியை நிறுத்தினார், இறங்கவில்லை. சுவரில் இடுப்பளவு ஈரம் தெரிந்தது. “செவுரு விழுந்திருக்கா? இல்லேல்ல? அப்ப பாதிப்பு இல்ல” என்றார். வாடகைக்கு இருந்த ஒரு அம்மாவுக்கு ரேஷன் கார்டு வேறு ஊர் முகவரியில் இருந்தது. அதனால் அவர் நனையவே இல்லை என்று எழுதியாகிவிட்டது.

தோழர்களே, 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 61ஆவது பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி, பால், மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்கிறது. முகாமில் தங்குமிடம், சோறு, குடிதண்ணி, மருத்துவம் எந்த அளவுக்காவது இருக்க வேண்டும் என்பதற்கு 12ஆவது பிரிவு இருக்கிறது. ஆகவே நிவாரணம் யாரோ மனசிறங்கிப் போடுகிற பிச்சை அல்ல. கை நீட்டி வாங்க வேண்டாம், கையெழுத்துப் போட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

வைகை அணை 71 அடி. தண்ணி 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. ‘கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்’ என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போவார்கள். பாதுகாப்பான அந்த இடம் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, நம்மையும் உள்ளே விடுவார்களா? அதைச் சொல்லாத எச்சரிக்கை வெறும் சத்தம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான்கு மனு போடுங்கள். மதுரைக் கண்மாய்களில் நிற்கிற அரசுக் கட்டடங்கள் எத்தனை? எந்தத் தெருவில் யாருக்கு எவ்வளவு நிவாரணம் கொடுக்கப்பட்டது? சாக்கடை அடைப்பு எடுக்க மாநகராட்சியிடம் எத்தனை மெஷின் இருக்கிறது, அது எந்தெந்த வார்டுக்குப் போகிறது? அடுத்த மழைக்கு நம்ம தெருச் சனம் தங்க எந்தக் கட்டடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? பதில் வந்தால் தெருவில் வைத்து வாசித்துக் காட்டுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வெயில் காலத்திலேயே செய்யுங்கள். மழை வந்த பிறகு நமக்கு சாமான் தூக்கவே நேரம் சரியாயிருக்கும்.