மருந்தா? மன உறுதியா?

நடுவர் அவர்களே! "மனச்சோர்வு மாத்திரைக்குப் பக்க விளைவு இருக்கே, அதை ஏன் விழுங்கணும்?" என்று எதிரணி அம்மையார் கேட்டார். விளைவு இல்லாத வினை ஏதம்மா? ஆனால் எல்லாம் ஒரே ரகமா?

1952-இல் நியூயார்க்கில் காசநோய்க்கு ஐப்ரோனியாசிட் கொடுத்தார்கள், நோயாளிகள் உற்சாகமாகிவிட்டார்கள்! அதிலிருந்து பிறந்த வகைக்கு நாள்பட்ட சீஸ் ஆகாது. ரத்த அழுத்தம் எகிறும். அடுத்தது இமிப்ரமின் வகை. வாய் வறளும், மலம் கட்டும். அளவு மீறினால் இதயத்துக்கே ஆபத்து. 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளுவாக்ஸெடின் வகையில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் குமட்டலாம், தூக்கம் கெடலாம், தாம்பத்திய நாட்டம் குறையலாம்.

வம்பு எங்கே தெரியுமா? தொல்லை முதல் வாரமே வந்துடும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். அந்த இடைவெளியிலதான் நம்ம ஆளு மாத்திரையைத் தூக்கி எறியுறான்! ஒத்துக்கலையா, டாக்டரிடம் சொல்லுங்க; அளவை மாத்துவார், வகையை மாத்துவார். சாகிற எண்ணம் தலைதூக்கினா, குறிப்பா இளவயசுல, அன்னிக்கே ஓடுங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

செருப்பு கடிச்சா செருப்பை மாத்துவோம், நடையையா நிறுத்துவோம்? (கைதட்டல்)

மருந்தே என்று தீர்ப்பளியுங்கள்.