இரண்டு வாய்க் கஞ்சியில் நிறைந்த வயிறு

(ரமளானுக்கு முன் பழையசீவரத்தில் நடந்த கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற ரமளானில் ஒரு பெரியவர் இரண்டு வாய் நோன்புக் கஞ்சி குடித்ததுமே, வயிறு நிரம்பிவிட்டது என்று கோப்பையைத் தள்ளி வைத்தார். வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தது நாங்கள்தான். தராவீஹ் முடிவதற்குள் மயங்கி விழுந்தார். பல வருடமாக இன்சுலின் போடுபவர். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். அது வாய்வு அல்ல, நரம்புக் கோளாறு என்று டாக்டர் சொன்ன பிறகே எங்களுக்கு விளங்கியது.

கஞ்சி வாசனை வந்ததுமே வாயில் எச்சில் ஊறுகிறதல்லவா? அப்போதே இரைப்பையிலும் அமிலம் சுரக்கத் தொடங்கிவிடும். மூளையிலிருந்து கழுத்து, நெஞ்சு வழியாக வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. ரஷ்யாவின் பாவ்லோவ் நாய்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார். செரிமான ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசும் பெற்றார். குடல் சுவரிலேயே தனியாக ஒரு நரம்புப் பின்னல் உண்டு. ஆனாலும் இரைப்பை உணவைக் கடைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குத் தள்ள வேகஸின் துணை வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், அதன் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றின் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகின்றன. பசியும் நிறைவும் நமக்குத் தெரிவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

கட்டுப்படாத சர்க்கரை கால் நரம்பை மரக்கச் செய்வது போல இந்த நரம்பையும் கெடுக்கும். அப்போது உணவு இரைப்பையிலேயே தங்கிவிடும். ஊசி மருந்தோ காத்திருக்காது. உணவின் சத்து ரத்தத்தில் சேருமுன் சர்க்கரை தாழ்ந்துவிடும். அந்தப் பெரியவருக்கு நடந்தது இதுதான். சமோசா, வடை போன்ற எண்ணெய்ப் பண்டங்கள் இரைப்பையை இன்னும் மந்தமாக்கும். (சமோசா ஏற்பாடு செய்ததும் நாங்கள்தான்!)

பாலாற்றுக்கு அக்கரையில், திருமுக்கூடல் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். வீரராசேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கையுடன் அங்கே மருத்துவமனை நடந்திருக்கிறது. அதன் மருந்துப் பட்டியலில் கடுக்காய் மருந்துகள் பல. வயிற்று நோயை மருத்துவரிடம் சொல்வதில் நமக்கென்ன கூச்சம்?

சிறிது உண்டதும் வயிறு நிறைவது, நெடுநேரம் கழித்தும் உண்டது வாந்தியாவது, காரணமின்றிச் சர்க்கரை ஏறி இறங்குவது இருந்தால், நோன்பு தொடங்குமுன்பே டாக்டரிடம் கேளுங்கள். ஊசியின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான்.

வரும் ஜும்ஆவுக்குப் பின் மருந்துச் சீட்டுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். டாக்டரிடம் அழைத்துப்போக, இன்ஷா அல்லாஹ், வண்டி வைத்திருக்கிறோம். இம்முறை ஓமத் தண்ணீர் கொடுத்து அனுப்ப மாட்டோம்.