மாட்டு மருந்தின் வீரியத்தைக் காத்தல்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் நிகழ்த்திய பேச்சு)



வயலும் தோட்டமும் செய்யும் உங்களிற் பலர் எருவுக்காகவும் பாலுக்காகவும் மாடு வளர்க்கின்றீர்கள். பசுவுக்கு மடியழற்சி கண்டால் மிருக வைத்தியர் பெனிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுக்கின்றார். நோய் தணிந்ததும், மீந்த மருந்தை அடுத்த முறைக்கு உதவுமென்று கூரையிடுக்கிற் செருகிவைப்போர் உளர். அது உண்மையில் உதவுமா என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

உலர்ந்த விதைநெல் அடுத்த போகம் வரை கெடாதிருக்கும். நீரில் ஊறிவிட்டாலோ உடனே விதைத்துவிட வேண்டும். மீண்டும் குதிரில் இட இயலாது. பெனிசிலின் பொடியும் இத்தகையதே.

பெனிசிலினை அலெக்சாந்தர் பிளெமிங் 1928இல் இலண்டனிற் கண்டறிந்தார். எனினும் பத்தாண்டுகளுக்கு மேலாக அது மருந்தாகப் பயன்படவில்லை. கரைசலில் அது விரைவிற் சிதைந்தமை அதற்கொரு காரணமாகும். ஒக்ஸ்போர்ட்டில் புளோரி, செயின் ஆகியோரின் குழுவினர் 1940 அளவில் அதனை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கிய பின்னரே அதன் வீரியம் நிலைபெற்றது.

இம்மருந்தின் மூலக்கூற்றில் நான்கு அணுக்களாலான சிறு வளையம் ஒன்று உண்டு. கிருமி தன் சுவரைக் கட்டாதவாறு தடுப்பது அவ்வளையமே. நீர் அதனைச் சிறிது சிறிதாகத் திறந்துவிடும். வெப்பமும் அமிலமும் காரமும் இச்சிதைவை விரைவுபடுத்தும். இவ்வாறு கெட்ட மருந்து பார்வைக்கு முன்போலவே தெளிவாக இருக்கலாம். ஆகையாற் கண்ணை நம்பலாகாது.

கோழிகளுக்கு நீரிற் கலந்து கொடுக்கும் ஒக்சிரெற்றாசைக்கிளினுக்கு வெளிச்சமும் ஈரமும் வெப்பமும் பகையாகும். சுண்ணாம்பு மிகுந்த நீரில் அது கல்சியத்துடன் பிணைந்துவிடுவதால் உடலிற் சேர்வது குறையும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். நாட்பட்டுச் சிதைந்த ரெற்றாசைக்கிளினை உட்கொண்ட மனிதருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டமையை மருத்துவர்கள் 1963இல் வெளியிட்டனர். எனவே பழைய மருந்து பயனற்றது மட்டுமன்று, தீங்கும் செய்யக்கூடும்.

வீரியங் குன்றிய மருந்தைக் கொடுத்தால் வலிமை குறைந்த கிருமிகளே மடியும். மருந்தைத் தாங்கவல்லவை எஞ்சிப் பெருகும். அதற்குள் மடியின் ஒரு பகுதி கல்லாகிப் பால் வற்றிவிடும். ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

1. மருந்தைத் தகரக் கூரையின் கீழும் அடுப்படியிலும் வைக்கலாகாது. வெயில் படாத குளிர்ந்த அறையில், மூடிய பெட்டியில், பிள்ளைகளின் கைக்கெட்டாதவாறு வையுங்கள்.

2. கரைத்த பெனிசிலினைப் பொதுவாக வெளியில் ஒரு நாளுக்கும், 2 முதல் 8 பாகை செல்சியசில் ஒரு வாரத்துக்கும் மேல் வைத்திருக்கலாகாது. புட்டியில் இதனிலுங் குறைந்த காலம் குறிக்கப்பட்டிருப்பின் அதனையே பின்பற்றுக.

3. பால்போன்ற பெனிசிலின் ஊசிமருந்தை உறையவிடாதீர்கள்.

4. கோழிக்குரிய மருந்து நீரை நாள்தோறும் புதிதாகக் கலந்து, நிழலில் வையுங்கள். முதல்நாள் மீதியைப் பயன்படுத்தாதீர்கள்.

5. காலாவதித் திகதி கடந்த மருந்தையும், நிறம் மாறிய அல்லது கட்டிபட்ட பொடியையும் மிருக வைத்தியரிடம் ஒப்படையுங்கள். கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.

6. வைத்தியர் குறித்த நாட்கள் முழுவதும் மருந்தைக் கொடுங்கள். அவர் விலக்கிய நாட்களிற் பாலை விற்கவும் வேண்டாம், வீட்டிற் குடிக்கவும் வேண்டாம்.

வீரியம் போன மருந்தை இருமடங்காகக் கொடுத்தால் ஈடாகுமென எண்ணுதல் தவறு. எவ்வளவு எஞ்சியிருக்கிறதென்று வீட்டில் அளந்தறிய வழியில்லை. மீந்த மருந்தின் சில ரூபாவை மிச்சம் பிடிக்க எண்ணிப் பசுவின் மடியை இழந்துவிடாதீர்கள்.