வானத்திலிருந்து பார்த்தால் போதுமா?



சர்வே சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தவர்கள் நாம். இன்று என் பிழைப்பு, ஏ.சி. அறையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படம் பார்ப்பது!

1988 மார்ச் 17-இல் ஏவப்பட்ட நமது ஐ.ஆர்.எஸ்.-1ஏ, 22 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுத்தது. அதன் லிஸ்-1 கேமராவுக்கு 72.5 மீட்டர் நிலம் ஒரு புள்ளி. இன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர், காசும் கிடையாது.

பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். தண்ணீரோ அகச்சிவப்பை உறிஞ்சிவிடும். ஆகவே பொய்வண்ணப் படத்தில் செடிகொடி சிவப்பு, தண்ணீர் கறுப்பு.

ராமநாதபுரம் பக்கத்துப் படம் ஒன்றில் நல்ல சிவப்புத் திட்டு. 'அடர்ந்த பசுமை' என்று குறித்துவிட்டு, சரிபார்க்க நேரில் போனேன். ஒரு பெரியவர் வந்தார்.

"என்ன தம்பி தேடுறீங்க?"

"இங்க தோப்பு எதுவும் இருக்குங்களா ஐயா?"

"தோப்பா? நீங்க நிக்கிறது எங்க கண்மாய் தம்பி!"

உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். என் வரைபடத்தில் பசுமை. அவர் வயலோ தரிசு.

செயற்கைக்கோள் உள்ளதைத்தான் காட்டியது. தப்பாகப் படித்தவன் நான். அன்று போகாமலிருந்தால், செத்த கண்மாய் ஒன்று அறிக்கையில் காடாகியிருக்கும்.

தம்பி தங்கைகளே, உங்க ஊர்க் கண்மாயைப் படத்தில் பாருங்க. அப்புறம் ஒருநாள் கரையில ஏறி நின்னும் பாருங்க.